வெரீனா டீச்சரின் கூடுதல் உரிமம்

கர்ட் லைக்கர் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியபோதே, ஏதோ தன் தலையில் விழப்போகிறது என்று வெரீனா டிரைலிங்குக்குத் தெரிந்துவிட்டது. ஓபெர்டால் பள்ளிக்குப் பிரின்சிபால் ஆன நாளிலிருந்து கர்ட் யார் வீட்டுக்கும் போய் நின்றதில்லை. எதுவானாலும் தன் அறைக்கு வரச்சொல்லித்தான் பேசுவான். ஒரு காலத்தில் வெரீனாவிடமே ஐந்தாம் வகுப்புப் படித்தவன். சூயிங்கம் மென்றதற்காக வகுப்பே பார்க்க அவனைக் குப்பைத்தொட்டி வரை நடத்திச் சென்றதை அவளும் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை. மற்ற ஆசிரியர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் அவளை மட்டும் இன்னமும் மிசஸ் டிரைலிங் என்றுதான் கூப்பிடுவான்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவள் வைத்த ஐஸ் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த வருஷம் கோதுமை எப்படி என்று அவள் கணவன் லாய்டிடம் விசாரித்தான். லாய்ட் பதில் சொல்லி முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான். சிறப்புக் கல்வி வகுப்பை நடத்திக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி டென்வருக்குப் போய்விட்டாள். கோடை முழுக்க விளம்பரம் கொடுத்தும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்டது. ஆள் கிடைக்காவிட்டால் அந்த வகுப்பை மூடிவிட்டு, பிள்ளைகளை தினமும் வேனில் ஏற்றி மெரிடன் நகரத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பனி விழுந்தால் கர்த்தருக்கே வெளிச்சம்.

"நீங்க எடுத்துக்கங்க, மிசஸ் டிரைலிங்," என்றான்.

"எனக்கு அதுக்கு உரிமம் இல்லையே கர்ட். நான் பின்னமும் வகுத்தலும் சொல்லிக் கொடுக்கிறவ."

அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். ஏற்கெனவே ஆசிரியர் உரிமம் உள்ளவர் சிறப்புக் கல்வி முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டால், படிக்கிற காலம் வரை அந்த வகுப்பை நடத்தத் தற்காலிக அனுமதி கொடுப்பார்கள். படிப்பு முடிந்ததும் பழைய உரிமத்தோடு புதியதையும் கூடுதலாகச் சேர்த்துத் தருவார்கள். கான்சஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் பாதிப் பள்ளிகளில் இப்படித்தான் வண்டி ஓடுகிறது என்றான். பல்கலைக்கழகத்துக்குப் போய் வர வேண்டியதுகூட இல்லை, எல்லாம் கணினியிலேயே.

வெரீனாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். முதுகலை படிக்க வேண்டும் என்று இளவயதில் நினைத்ததுண்டு. பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து, அந்த நினைப்பே போய்விட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கர்ட் கதவுவரை போய்த் திரும்பி, "ஷானாவோட பொண்ணும் அந்த வகுப்புலதான் இருக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தையை அவன் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தான் என்பது வெரீனாவுக்குப் புரியாமல் இல்லை.

ஷானாவும் அவளிடம் படித்தவள்தான். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. கணவன் விட்டுப் போய்விட்டான். ஒரே மகள் பிரின்லி. எட்டு வயது, பேச்சு வரவில்லை. மளிகைக் கடையில் அந்தக் குழந்தை தரையில் விழுந்து கத்தும்போது ஊரே தலையைத் திருப்பிக்கொள்ளும். வெரீனாவும் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் சரி என்று சொல்லிவிட்டாள். லாய்டுக்கு ஒரே சிரிப்பு. "இனிமே நீ வீட்டுப்பாடம் முடிக்காம டிவி பக்கம் வரக்கூடாது. மார்க் குறைஞ்சா அப்பன் கையெழுத்து வேணும்னா என்கிட்ட வா," என்றான்.

முதல் சில வாரங்களை வெரீனா பின்னால் நினைத்துப் பார்க்கவே விரும்பியதில்லை. இத்தனை வருஷ அனுபவம் ஒரு காசுக்கு உதவவில்லை. மற்ற பிள்ளைகளாவது அவள் சொன்னதைக் கேட்டார்கள். பிரின்லி மேசைக்கடியில் புகுந்துகொண்டு, யார் கை நீட்டினாலும் கடித்தாள். திடீர் திடீரென்று இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் வாய் மட்டும் திறந்தபடி இருக்கும். வெரீனா கைகளில் நகக்கீறலோடு வீட்டுக்கு வருவாள். சாப்பிட்டுவிட்டு, கணினியைத் திறந்து, தன் மகள் வயதுள்ள ஆனிகா ரோத் என்ற விரிவுரையாளர் திரையில் பாடம் நடத்துவதைக் கேட்பாள். சட்டம், பிரிவு, உட்பிரிவு, கொள்கை. இதில் எந்த உட்பிரிவு பிரின்லியை மேசைக்கடியிலிருந்து வெளியே கொண்டுவரும் என்று அவளுக்கு எரிச்சல் வரும்.

முதல் கட்டுரையை எழுதி அனுப்பினாள். பிரின்லி கத்தும்போது தான் என்னென்ன செய்து பார்த்தேன் என்று விலாவாரியாக எழுதியிருந்தாள். ஆனிகா அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, திரையில் பார்த்தபோது சொன்னாள்: "நீங்க செஞ்சது எல்லாம் இதுல இருக்கு. அந்தக் குழந்தை என்ன செஞ்சான்னு எங்கேயுமே இல்ல. கத்துறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

வெரீனாவுக்குச் சுருக்கென்றது. நேற்றுப் படித்து வந்த பெண் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று லாய்டிடம் பொருமினாள். ஆனாலும் மறுநாளிலிருந்து கவனித்தாள். குழந்தை கத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு மறுபுறம் பள்ளியின் சமையல்கூடம். அங்கே இறைச்சி வைக்கிற பெரிய குளிர்பெட்டி ஓடத் தொடங்கும்போது சுவர் லேசாக அதிர்ந்து ஒரு முனகல் கேட்கும். சுவரில் காதை வைத்தால்தான் வெரீனாவுக்கே அது கேட்டது. பிரின்லிக்கு அது தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

கர்டிடம் போய் வேறு அறை வேண்டும் என்றாள். பேண்டு வாத்தியங்களும் பழைய நாற்காலிகளும் அடைந்து கிடந்த பின்பக்க அறையைக் காலி செய்து கொடுத்தான். சனிக்கிழமை லாய்ட் வந்து சுவருக்கு வண்ணம் அடித்தான். அங்கே மாறிய பிறகு பிரின்லி கத்துவது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள். சன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் புல் சாய்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெரீனாவும் பக்கத்தில் போய் உட்கார்வாள். பட அட்டைகளைக் காட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவாள். ஆனிகாவின் வகுப்பில் கேட்டதை மறுநாள் காலையில் செய்து பார்ப்பதும், செய்து பார்த்ததை அன்று மாலை ஆனிகாவிடம் சொல்வதுமாக அந்தக் குளிர்காலம் போயிற்று.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வெரீனா திரைச்சீலையைச் சரிசெய்யச் சன்னல் முன்னால் போய் நின்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், கரகரவென்று, "தள்ளு," என்றது.

வெரீனா தள்ளி நின்றாள். வகுப்பில் கூட இருந்த உதவியாளரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடைவழிக்கு வந்து, சுவரில் சாய்ந்து அழுதாள். மாலையில் மகளை அழைத்துப் போக வந்த ஷானாவிடம் சொன்னபோது ஷானா முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எல்லாப் புள்ளையும் முதல்ல அம்மான்னு சொல்லும். என் புள்ள டீச்சரைப் பார்த்துத் தள்ளுன்னு சொல்லியிருக்கா. என்னை மாதிரியே வாய்."

அடுத்த வருஷம் நல்ல வருஷம். பிரின்லிக்கு வார்த்தைகள் வந்தன. அதிகமில்லை, ஆனால் தேவைக்கு வந்தன. பள்ளியில் மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பும் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டியும் போடுகிற நாளில், எல்லாப் பிள்ளைகளோடும் உணவறையில் உட்கார்ந்து, ரொட்டியைக் குழம்பில் முக்கித் தின்றாள். சமையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். வெரீனா முதுகலைப் படிப்பில் முக்கால்வாசியைத் தாண்டியிருந்தாள். மிச்சம் இருந்தது சில பாடங்களும், மேற்பார்வையில் வகுப்பு நடத்திக் காட்டும் செய்முறைப் பயிற்சியும்தான். இந்த அறையிலேயே ஓய்வு பெறும் வரை இருந்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முன் ஆனிகா தொலைபேசியில் கூப்பிட்டாள். கடிதம் வருவதற்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியதாம். சேர்பவர் எண்ணிக்கை போதவில்லை என்று பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை இந்த வருஷத்தோடு நிறுத்துகிறது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை மட்டும் முடித்து அனுப்புவார்கள். வெரீனா அந்தக் கட்டத்துக்கு ஒரு பருவம் பின்தங்கி நின்றாள்.

"வேற பல்கலைக்கழகத்துல சேர முடியாதா?"

"சேரலாம் வெரீனா. நானே விசாரிச்சேன். நீங்க முடிச்ச பாடத்துல கொஞ்சத்தைத்தான் எடுத்துப்பாங்க. அதுவும் ஒரு வருஷம் கழிச்சுதான் சேர்த்துக்கிறாங்களாம்."

"நீ என்ன பண்ணப்போறே?"

"நானும் வேலைதான் தேடிட்டிருக்கேன்," என்றாள் ஆனிகா.

ஒரு வருஷம் காத்திருந்து சேர்ந்தால்தான் என்ன என்று வெரீனா முதலில் நினைத்தாள். சிக்கல் அங்கேதான் இருந்தது. படிப்பில் சேர்ந்திருக்கிற வரைதான் தற்காலிக அனுமதி. படிப்பு அறுந்தால் அனுமதியும் அறுந்துவிடும். ஒருமுறை அறுந்ததை அதே ஆளுக்கு அதே வகுப்புக்கு மறுபடி தருவதில்லை. வேறு பல்கலைக்கழகங்களுக்கு அவளே கூப்பிட்டுப் பேசினாள். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லாரும் உங்கள் நிலைமை புரிகிறது என்றார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே, அடுத்து இல்லை என்று வரப்போகிறது என்று அவளுக்குப் பழகிவிட்டது.

லாய்ட்தான் நேரில் போய்க் கேட்போம் என்றான். இரண்டு பேரும் விடியலில் கிளம்பி, நெடுஞ்சாலையில் காற்று வண்டியைத் தள்ளத் தள்ள ஓட்டிக்கொண்டு மாநிலத் தலைநகருக்குப் போனார்கள். உரிமம் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் இலேன் ஹோவெட் என்ற பெண்மணி அவர்களை உட்காரவைத்து, நடுவில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள். வெரீனா பிரின்லியைப் பற்றிச் சொன்னாள், குளிர்பெட்டியைப் பற்றிச் சொன்னாள், குழந்தையின் முதல் வார்த்தையைச் சொன்னாள். இலேன் சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நானும் அந்த மாதிரி வகுப்புலதான் இருந்தேங்க. நீங்க நல்லா செய்யறீங்கன்னு எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உங்களுக்கு ஒரு விதிவிலக்கு கொடுத்தா, ஒண்ணுமே படிக்காதவங்களுக்கும் நாளைக்குக் கொடுக்கணும். முன்னாடி அப்படிக் கொடுத்துட்டிருந்தாங்க. புள்ளைங்களை அலமாரியில போட்டுப் பூட்டின ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். அதனாலதான் இந்த விதியே வந்தது. அதை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி."

அந்தப் பெண்மணி சொன்னது உண்மை என்று வெரீனாவுக்கே தெரிந்தது. கோபப்படுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். லாய்ட் வானொலியைப் போட்டான், அணைத்தான். பாதி வழியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டார்கள். என்ன சாப்பிட்டோம் என்று இருவருக்குமே பிறகு நினைவில்லை.

அதற்குப் பிறகும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வகுப்பு உதவியாளராக இருக்க உரிமம் தேவையில்லை. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, அதே அறையில் உதவியாளராக இருந்துகொள்கிறேன், உரிமம் உள்ள யாரையாவது திரையில் கொண்டுவந்து ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள் என்று கர்டிடம் போய்ச் சொன்னாள். சம்பளம் பாதிக்கும் கீழே போகும் என்று அவளுக்குத் தெரியும். லாய்டிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள். கர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இதையும் நான் ஸ்கூல் போர்டுல கேட்டுட்டேன், மிசஸ் டிரைலிங். நீங்க ஒத்துப்பீங்கன்னு சொல்லாமதான் கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. திரையில ஆள் வெச்சா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு கேக்கறாங்க. வகுப்பையே மூடறதா முடிவாயிடுச்சு. புள்ளைங்க மெரிடனுக்குப் போறாங்க."

"உனக்கு இது சரின்னு படுதா?"

"எனக்குச் சரின்னு படலை. நான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டிருக்கவே கூடாதுன்னு தோணுது."

அவன் கண் கலங்கியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் குப்பைத்தொட்டி முன் நின்றபோதும் இந்த முகம்தான். அவனைத் தேற்றுவதும் அவள் பொறுப்பாகவே ஆயிற்று. போடா, நீ என்ன செய்வே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அவளுடைய பழைய ஐந்தாம் வகுப்பு அவளுக்கே திரும்பக் கிடைத்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் கை குலுக்கினார்கள். அப்பாடா, இனி நிம்மதி என்று ஒருத்தி சொன்னாள். வெரீனா ஆமாம் என்று சொல்லி வைத்தாள்.

பள்ளி திறந்த முதல் நாள் காலை ஷானா அவளை வரச்சொல்லியிருந்தாள். வேன் பள்ளி வாசலில் நின்றது. ஓட்டுநர் நல்ல மனிதர், வயதானவர். குழந்தை பயப்படக்கூடாதென்று தொப்பியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். பிரின்லி வெரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குள் இழுத்தாள். பின்பக்க அறை இருந்த திசைக்கு இழுத்தாள். இன்றைக்கு அங்கே இல்லை, வேனில் போகணும் என்று வெரீனா மெல்லச் சொன்னாள். கோடையிலேயே வேனின் படம், புதுப் பள்ளியின் படம் எல்லாம் காட்டிப் பழக்கியிருந்தாள். படத்தில் இருந்ததைக் குழந்தை ஒத்துக்கொண்டிருந்தது, நிஜத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஷானாவும் ஓட்டுநருமாகத் தூக்கித்தான் ஏற்றினார்கள். வெரீனாவின் கையைப் பிடித்திருந்த பிரின்லியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தது வெரீனாதான். வேறு யார் செய்தாலும் வலித்திருக்கும்.

மெரிடன் பள்ளியில் உரிமமுள்ள ஆசிரியர்கள் இருந்தார்கள், வசதியான கட்டடம் இருந்தது. பிள்ளைகள் அதிகம். வெரீனா கூப்பிட்டு, பிரின்லிக்கு எந்தச் சத்தம் ஆகாது, எப்படிப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றெல்லாம் சொல்ல முயன்றாள். அங்கிருந்தவர் நன்றி சொன்னார். ஆனால் குழந்தையைப் பற்றி வெளியாட்களோடு பேச அனுமதியில்லை, கோப்பில் எல்லாம் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம் என்றார். வெளியாள் என்ற சொல்லை அவர் மனம் நோகச் சொல்லவில்லை. சரியான சொல்லும் அதுதான்.

அக்டோபரில் ஒரு நாள், வெரீனா வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் கைபேசி விடாமல் அதிர்ந்தது. ஷானா. நடைவழிக்கு வந்து எடுத்தாள். மெரிடனிலிருந்து கூப்பிட்டார்களாம்; பிரின்லி காலையிலிருந்து கத்துகிறாளாம், நிற்கவே மாட்டேன் என்கிறாளாம். ஷானா வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாள், இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"அங்க இருக்கிற உதவியாள் பொண்ணுகிட்ட கெஞ்சிக் கேட்டிருக்கேன், டீச்சர். அவ போனை பிரின்லி காதுல வெக்கிறேன்னா. லைன் சேர்த்துவிடறேன். நீங்க ஏதாவது பேசுங்க. உங்க குரல் கேட்டா அடங்கிடுவா."

வெரீனா சரி என்றாள். ஏதோ ஒரு சத்தம், பிறகு அந்தக் கத்தல், நேராக அவள் காதுக்குள். பழைய அறையில், மேசைக்கடியிலிருந்து கேட்ட அதே கத்தல். வெரீனா வாயைத் திறந்தாள். நான் இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. அவள் அங்கே இல்லை. இதோ வருகிறேன் என்று சொல்ல முடியாது, வர முடியாது. ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சொல்லலாம். எதற்குப் பயப்படுகிறாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"பிரின்லி," என்றாள். "பிரின்லி கண்ணு. மிசஸ் டிரைலிங் பேசறேன்."

கத்தல் சட்டென்று நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. நடந்து போகும் சத்தமும் எதையோ இழுக்கிற சத்தமும் கேட்டன. கதவு ஒன்று திறந்தது. பிறகு இன்னொன்று. குழந்தை தன்னைத் தேடுகிறது என்று வெரீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பிரின்லி, நான் போன்ல..." என்று தொடங்கினாள்.

கத்தல் மறுபடி வந்தது, முன்னைவிட உரக்க. நடுவில் ஓர் இளம்பெண்ணின் குரல், அழுகிற குரல்: "வேணாங்க மேடம், போதும். உங்க குரல் கேட்டு இன்னும் அதிகமாகுது. மன்னிச்சிருங்க." தொடர்பு அறுந்தது.

வெரீனா கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? கர்ட் தன் அறை வாசலுக்கு வந்து நின்றான். அவள் வகுப்புக்குத் திரும்பினாள். வகுப்புக்குள் பிள்ளைகள் அவள் எழுதிவிட்டு வந்த கணக்கைத் தாங்களாகவே போட்டு முடித்திருந்தார்கள். ஒரு சிறுமி கையைத் தூக்கி, விடையைச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லு என்றாள் வெரீனா. அந்தச் சிறுமி சொன்ன விடை அவள் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.